செல்லுக்குள் ஒரு நிறைகுடம்



மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறவனுக்குச் செடி கொடியோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். மலர்க் குழு நண்பர்களும் அதையேதான் கேட்டார்கள். "பம்ப், வால்வு, பாய்லர்னு ஏதாவது எழுதேன்பா" என்றார்கள். நான் எழுதப் போவதும் பம்ப், வால்வு, டேங்க் பற்றித்தான். கண்ணுக்குத் தெரியாத அளவில், ஒவ்வொரு இலையிலும் பூவிலும் கரும்பிலும் கோடிக்கணக்கில் அந்த டேங்குகள் இருக்கின்றன. அதன் பெயர் நுண்குமிழ். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு 'வாக்குவோல்' என்றால் உடனே புரியும். பத்தாம் வகுப்பில் ஒரு படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, பெயர் எழுதி, 1 மார்க் வாங்கிவிட்டு நாம் எல்லோரும் மறந்துபோன உறுப்பு அது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பா சீசனில் கரும்பு வெட்டப் போகிறவர். அம்மா மலையடிவாரத்தில் பூ விற்கிறவர். இவர்கள் இருவர் பிழைப்பும் இந்த நுண்குமிழை நம்பித்தான் ஓடுகிறது என்று தெரிந்தபோது, இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெயர் வந்த கதை

1776-ல் இத்தாலிய விஞ்ஞானி ஸ்பல்லன்சானி, தண்ணீரில் வாழும் ஒரு செல் உயிரிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, உடம்புக்குள் ஒரு குமிழ் விரிவதும் சுருங்குவதுமாக இருப்பதைக் கண்டார். மூச்சு விடுகிற உறுப்பு என்று நினைத்துக்கொண்டார். 1841-ல் பிரெஞ்சுக்காரர் துஜார்டின் அதற்கு 'வாக்குவோல்' என்று பெயர் வைத்தார். லத்தீன் மொழியில் 'காலி' என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது அது. நம் லேபில் சொல்கிற 'வேக்குவம்' என்ற சொல்லும் அதன் உறவுதான். பார்வைக்கு வெறும் ஓட்டை மாதிரி தெரிந்ததால் அந்தப் பெயர்.

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் அது காலியே இல்லை. தண்ணீர், சர்க்கரை, அமிலம், உப்பு, சாயம், விஷம், புரதம், குப்பை எல்லாம் அதில் உண்டு. நிறைகுடம் தளும்பாது என்பார்களே, அதுபோலச் சத்தமில்லாமல் இருந்ததால் காலி என்று நினைத்துவிட்டார்கள்.

டேங்கும் பம்பும்

வளர்ந்த ஒரு தாவரச் செல்லை எடுத்துக்கொண்டால், அதன் கொள்ளளவில் 80 முதல் 90 சதவீதம் வரைகூட ஒரே ஒரு பெரிய நுண்குமிழே அடைத்துக்கொண்டிருக்கும். உட்கரு, பச்சையம் எல்லாம் ஓரமாக ஒதுங்கி நிற்கும், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நாம் நிற்கிற மாதிரி. அதிலும் ஒரு லாபம் இருக்கிறது. பச்சையம் ஓரத்தில் இருந்தால்தான் வெளிச்சமும் காற்றும் சுலபமாகக் கிடைக்கும்.

இந்த டேங்கைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. அதன் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு. 1885-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி ஹியூகோ டி விரீஸ் இதற்கு 'டோனோபிளாஸ்ட்' என்று பெயர் வைத்தார்.

நம் பிரிவு மாணவர்களுக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். இந்தச் சவ்வில் புரோட்டான் பம்புகள் பதிந்திருக்கின்றன. அதில் ஒரு வகை நிஜமாகவே சுற்றுகிறது! நடுவில் ஷாப்ட், அதைச் சுற்றி ரோட்டார், வெளியே நகராத ஸ்டேட்டர். செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. உடையும்போது கிடைக்கும் சக்தியில் ஷாப்ட் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே தள்ளப்படும். அதனால் நுண்குமிழின் உள்பக்கம் எப்போதும் புளிப்பு. வெளியே செல் திரவத்தின் பி.எச். 7-க்குச் சற்று மேலே இருக்கும். உள்ளே 5 அல்லது 5.5.

உள்ளே நெருக்கி அடைத்த அந்த அயனிகள் வெளியே வரத் துடிக்கும். அவற்றைச் சிறிது வெளியே விட்டு, அந்த வேகத்தில் சர்க்கரையையும் உப்பையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல்களும் சவ்வில் உண்டு. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீரை ஏற்றிவைத்துவிட்டு, இறங்குகிற தண்ணீரில் வேலை வாங்குவது போல.

லாரி டயரும் மல்லிப்பூவும்

நுண்குமிழின் முதல் வேலை, செடியை நிமிர்த்தி வைப்பது. செடிக்கு எலும்பு கிடையாது. மரத்துக்காவது கட்டை இருக்கிறது. கீரைத்தண்டுக்கும் பூவுக்கும் என்ன இருக்கிறது? உள்ளே கரைந்திருக்கும் பொருட்கள் தண்ணீரை இழுக்கின்றன. குமிழ் உப்புகிறது. வெளியே உறுதியான செல்சுவர் அதைத் தடுத்து நிற்கிறது. டயருக்குள் டியூப் உப்புவதுபோல அழுத்தம் ஏறுகிறது. இதற்கு விறைப்பழுத்தம் என்று பெயர்.

எவ்வளவு அழுத்தம் தெரியுமா? சாதாரணமாகச் சதுர சென்டிமீட்டருக்கு 3 முதல் 10 கிலோ வரை. கார் டயரில் நாம் அடிப்பது 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். லாரி டயரில் 7, 8 கிலோ. அதாவது ஒரு முளைக்கீரை இலைக்குள் கார் டயரைவிட அதிக அழுத்தம் இருக்கலாம்!

தண்ணீர் குறைந்தால் டியூப் இறங்கும், செடி வாடும். எங்கள் அம்மா விடியற்காலையில் வாங்கிய மல்லியை ஈரத்துணியில் சுற்றி, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். பறித்த பூவுக்கு வேரிலிருந்து தண்ணீர் வராது. வெயிலில் ஆவியாவது மட்டும் நிற்காது. காற்றில் ஈரம் இருந்தால் ஆவியாவது குறையும், குமிழ்கள் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். காலையில் ஒரு விலைக்குப் போகும் முழம், மதியம் பாதி விலைக்குக்கூட ஏன் போவதில்லை என்றால், நடுவில் போனது அந்த டியூப்பில் இருந்த தண்ணீர்தான். படிக்காத அம்மா கைப்பழக்கத்தில் செய்வது சரியான விஞ்ஞானம்.

ஊறுகாய்க்கு மாங்காயை உப்புப் போட்டு வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்கிறதே, அது இதன் எதிர்ப்பக்கம். வெளியே உப்பு அதிகமானதும் குமிழிலிருந்து தண்ணீர் வெளியேறுகிறது. யூரியாவைக் கைக்கு வந்தபடி போட்டால் பயிர் கருகுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

தொட்டாற்சிணுங்கியைத் தொட்டால் இலை மடிவதும் இந்த வித்தைதான். இலைக்காம்பின் அடியில் இருக்கும் மூட்டில், ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம், குளோரைடு அயனிகள் சட்டென்று வெளியே ஓடும், பின்னாலேயே தண்ணீரும் ஓடும். ஹைட்ராலிக் சிலிண்டரில் ஆயிலைத் திறந்துவிட்ட மாதிரி இலை இறங்கிவிடும். நம் நாட்டின் ஜகதீஷ் சந்திர போஸ் இந்தச் செடியை வைத்து, அசைவை அளக்கும் கருவிகளைத் தாமே செய்து, பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தார்.

கரும்பின் சர்க்கரை எங்கே போகிறது?

நம் ஊரைச் சுற்றிக் கரும்பு தெரியாதவர்கள் யார்? திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. கோயம்புத்தூரில் 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பர், டி.எஸ்.வெங்கட்ராமன் ஆகியோர் நாட்டுக் காட்டு நாணலையும் தடித்த கரும்பையும் கலந்து, 'கோ 205' என்ற ரகத்தை 1918-ல் கொடுத்தார்கள். இன்று வரை 'கோ' என்று தொடங்கும் ரகங்களெல்லாம் அந்த நிலையத்தின் பிள்ளைகள்தான்.

கரும்பின் சர்க்கரை முக்கியமாகத் தண்டுச் செல்களின் நுண்குமிழில்தான் இருக்கிறது. இலை தயாரித்த சுக்ரோஸ் தண்டுக்கு இறங்கி, டோனோபிளாஸ்ட் வாசல் வழியாக உள்ளே போய்ச் சேர்கிறது. அடிக்கணுக்கள் முதலில் முற்றுவதால் அங்கே சேமிப்பு அதிகம். நுனியில் இருக்கும் இளம் கணுக்களின் நுண்குமிழில் 'இன்வர்டேஸ்' என்ற நொதி சுறுசுறுப்பாக இருக்கும். அது சுக்ரோஸை குளுக்கோஸ், பிரக்டோஸ் என இரண்டாக உடைத்து, வளர்ச்சிக்குச் செலவு செய்ய விடும். அதனால்தான் அடி இனிக்கிறது, நுனி சப்பென்று இருக்கிறது. கொழுந்தாடையைக் கழித்துவிட்டு மாட்டுக்குப் போடுவதும் அதனால்தான்.

ஒருமுறை அப்பா என்னிடம் கேட்டார்: "வெட்டின கரும்பு நின்னா எடை குறையுது. தண்ணி ஆவியாவுது, அது புரியுது. ஆனா சர்க்கரையும் குறையுதுன்னு சொல்றாங்களே, அது எங்கடா போவுது? யாரும் எடுக்கலையே?"

நல்ல கேள்வி. எனக்கு அப்போது பதில் தெரியவில்லை; தேடிப் படித்தேன். வெட்டிய பிறகும் கரும்பின் செல்கள் உடனே சாவதில்லை. முற்றிய தண்டில் அடங்கிக் கிடந்த இன்வர்டேஸ், வெட்டியபின் மறுபடி வேலை செய்யத் தொடங்குகிறது. உள்ளே சேர்த்துவைத்த சுக்ரோஸையே உடைக்கிறது. வெட்டுவாய் வழியாகப் பாக்டீரியாவும் நுழைந்து தன் பங்கைத் தின்கிறது. உடைந்த சர்க்கரை ஆலையில் படிகமாக இறுகாது; மொலாசஸோடு போய்விடும். இதைச் சொன்னதும் அப்பா, "அப்போ திருடன் வெளியில இல்ல, குதிருக்குள்ளயே எலி இருக்குது" என்றார். நான் இரண்டு பக்கம் படித்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

இதில் பணம் எங்கே வருகிறது என்று பாருங்கள். 2009-10 பருவம் முதல் மத்திய அரசு கரும்புக்கு நியாயமான, ஆதாய விலை என்று ஒன்றை அறிவிக்கிறது. ரெக்கவரி என்கிற சர்க்கரைக் கட்டுமானத்தோடு அந்த விலை இணைந்தது. 2022-23 முதல் அடிப்படைக் கட்டுமானம் 10.25 சதவீதம், அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் விலை கூடும். வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. ஒரு நாள் தாமதம் என்பது, நுண்குமிழுக்குள் ஒரு நாள் எலி மேய்வது. இன்ஜினியரிங் படிக்கும் நமக்கு இது வண்டி, ரோடு, அட்டவணை சம்பந்தப்பட்ட வேலை. ஆனால் அதன் வேர் ஒரு செல்லுக்குள் இருக்கிறது.

நிறம், புளிப்பு, அரிப்பு

ஆடிக்கிருத்திகைக்கு மலையேறும் புஷ்பக் காவடிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூக்களின் நிறத்தில் பாதி நுண்குமிழுடையது. செம்பருத்தியின் சிவப்பு, அரளியின் இளஞ்சிவப்பு, ரோஜாவின் நிறம் எல்லாம் ஆந்தோசயனின் என்ற சாயம். அது நுண்குமிழ்ச் சாற்றில் கரைந்திருக்கிறது. இந்திரன் இந்த மலையில் நட்டு வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் கருங்குவளையின் நீலமும் இதே குடும்பம்தான். சாமந்தியின் மஞ்சள் வேறு. அது நுண்குமிழில் இல்லை, செல்லின் கணிகங்களில் இருக்கிறது. அதனால்தான் செம்பருத்தி இதழைச் சுடுதண்ணீரில் போட்டால் சாயம் இறங்குகிறது, சாமந்தியில் அப்படி இறங்குவதில்லை.

எலுமிச்சையைப் பிழியும்போது வரும் சாறு, சுளைச் செல்களின் நுண்குமிழில் இருந்ததுதான். அதன் பி.எச். 2.5 அல்லது அதற்கும் கீழே. சுற்றியிருக்கும் செல் திரவத்தைவிட அது சுமார் 30,000 மடங்கு புளிப்பு. அவ்வளவு அமிலத்தை அத்தனை மெல்லிய சவ்வு கசியாமல் பிடித்து நிறுத்துகிறது. நம் ஒர்க்ஷாப்பில் இருக்கிற பேட்டரி டப்பா தோற்றது போங்கள்!

சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கிறதே? சில செல்களின் நுண்குமிழில் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு ஊசி ஊசியாகக் கட்டிக் கிடக்கும். செல் உடைந்ததும் ஊசி தோலில் குத்தும். புளி விட்டு நன்றாக வேகவைத்தால் அரிப்பு அடங்கும் என்பது நம் பாட்டிகளுக்குத் தெரிந்த கெமிஸ்ட்ரி.

வேர்க்கடலை, துவரை விதைகளில் புரதத்தைப் பொட்டலம் கட்டி வைத்திருப்பதும் ஒரு வகை நுண்குமிழ்தான். கடற்கரை உவர்நிலத்தில் வளரும் உமரிச் செடி, மண்ணின் உப்பை இலைக்குள் இழுத்து நுண்குமிழில் பூட்டிவைத்துவிடும். செல்லின் மற்ற பாகங்களுக்கு உப்பின் தொல்லை இல்லை.

காலையில் புளிக்கும் இலை

சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக வேலை பார்த்தவர் பெஞ்சமின் ஹைன். அவர் ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு, நடுப்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசான கசப்பு. அவர் எழுதிய இந்தச் செய்தியை 1815-ல் லண்டன் லின்னேயன் சங்கம் வெளியிட்டது.

காரணம் பின்னால் தெரிந்தது. வறண்ட இடத்துச் செடிகளில் சில, பகலில் இலைத்துளையைத் திறந்தால் தண்ணீர் போய்விடும் என்று இரவில்தான் திறக்கின்றன. அப்போது வாங்கும் கார்பன்-டை-ஆக்சைடை மாலிக் அமிலமாக மாற்றி நுண்குமிழில் நிரப்பிக்கொள்கின்றன. பகலில் துளையை மூடிக்கொண்டு, அந்த அமிலத்தை எடுத்துச் செலவழித்து உணவு தயாரிக்கின்றன. இரவில் டேங்க் நிரப்பி, பகலில் செலவழிக்கும் நம் தெருக் குழாய்க் கணக்கு! காய்ந்த பாறையில் நிற்கும் சப்பாத்திக்கள்ளியும் இதே முறையில்தான் பிழைக்கிறது.

பிரித்து வைத்த வெடிமருந்து

மரவள்ளிக்கிழங்கில் லினமாரின் என்ற பொருள் நுண்குமிழுக்குள் இருக்கும். அதை உடைக்கும் நொதி வெளியே செல்சுவரில் இருக்கும். இரண்டும் சேராதவரை ஆபத்தில்லை. பூச்சியோ எலியோ கடித்து இரண்டும் கலந்தால் சயனைடு விஷம் உண்டாகும். நாம் தோல் நீக்கி, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது இதற்காகத்தான். வெங்காயத்தில் ஏற்பாடு தலைகீழ்: நொதி நுண்குமிழுக்குள், பொருள் வெளியே. கத்தி பட்டதும் இரண்டும் கலந்து கண்ணில் நீர்.

காளான், ஈஸ்ட், நெல் நோய்

பூஞ்சைகளில் நுண்குமிழ், கிடங்காகவும் குப்பை அரவை ஆலையாகவும் இருக்கிறது. மனித, விலங்குச் செல்களில் லைசோசோம் செய்யும் செரிமான வேலையை இங்கே இது செய்கிறது.

ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி ஒரு யோசனை செய்தார். நுண்குமிழின் அரைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகையை எடுத்துப் பட்டினி போட்டால் என்ன ஆகும்? சில மணி நேரத்தில் நுண்குமிழ் முழுக்கச் சின்னச் சின்னப் பொட்டலங்கள் சேர்ந்துவிட்டன. சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே தெரிந்தது. பசி வந்தால் செல் தன் சொந்தப் பாகங்களையே பொட்டலம் கட்டி நுண்குமிழுக்கு அனுப்பி, அரைத்து, மறுபடி பயன்படுத்துகிறது என்று புரிந்தது. 1992-ல் இதை வெளியிட்டார். 2016-ல் மருத்துவ நோபல் பரிசு அவருக்குத் தனியாகக் கிடைத்தது. யாரும் கவனிக்காத விஷயத்தைப் பிடித்து, பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குக் கிடைத்த பரிசு அது.

நெல்லில் குலைநோய் உண்டாக்கும் பூஞ்சை, இலையைத் துளைக்க ஒரு குமிழ் போன்ற உறுப்பை ஒட்டவைத்து, உள்ளே கிளிசராலைச் சேர்த்து அழுத்தத்தை ஏற்றுகிறது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ வரை. லாரி டயரைப் போலப் பத்து மடங்கு! அந்தக் கிளிசராலுக்கான கொழுப்பு நுண்குமிழில் அரைபடுகிறது.

குளத்துத் தண்ணீர் முதல் மலேரியா வரை

தேங்கிய குளத்துத் தண்ணீர் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பாரமீசியம் ஓடும். நல்ல தண்ணீரில் வாழ்வதால் தண்ணீர் அதன் உடம்புக்குள் நுழைந்துகொண்டே இருக்கும். செல்சுவர் இல்லை, விட்டால் வெடித்துவிடும். அதற்கு இரண்டு சுருங்கும் நுண்குமிழ்கள் உண்டு. சேர்ந்த தண்ணீரை அவ்வப்போது வெளியே பீய்ச்சும். சம்பில் தண்ணீர் ஏறினால் மோட்டார் தானாக ஓடுவதுபோல. அமீபா, இரையைச் சுற்றி வளைத்து உணவு நுண்குமிழாக்கிச் செரிக்கும்.

மலேரியா கிருமிக்கும் ஒரு உணவு நுண்குமிழ் உண்டு. நம் சிவப்பணுவுக்குள் இருந்துகொண்டு ஹீமோகுளோபினை அதில் போட்டுச் செரிக்கிறது. மிஞ்சும் ஹீம் அதற்கே விஷம். அதனால் அதைப் படிகமாக்கி ஒதுக்கிவிடும். குளோரோகுயின் மாத்திரை அந்தப் புளிப்புக் குமிழில் போய்ச் சேர்ந்து, படிகமாவதைத் தடுக்கிறது. கிருமி தன் குப்பையாலேயே சாகிறது. பின்னாளில் சில கிருமிகளின் குமிழ்ச் சவ்வில் ஒரு வாசல் மாறிப்போய், மருந்தை வெளியே தள்ளக் கற்றுக்கொண்டது; பல இடங்களில் அந்த மாத்திரை வேலை செய்யாமல் போனதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

பாக்டீரியாவிலும் ஒரு அதிசயம் உண்டு. 1999-ல் அறிவிக்கப்பட்ட, நமீபியா கடலடிச் சேற்றில் கிடைத்த தியோமார்கரிட்டா, முக்கால் மில்லிமீட்டர் வரை வளர்ந்து வெறும் கண்ணுக்கே தெரிகிறது. அதன் உடம்பில் பெரும்பங்கு நைட்ரேட் நிரப்பிய ஒரு நுண்குமிழ்தான்.

செய்து பாருங்கள்

1. பீட்ரூட்டைத் துண்டு போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். ஒரு துண்டைப் பச்சைத் தண்ணீரிலும், ஒரு துண்டைக் கொதிநீரிலும் போடுங்கள். கொதிநீரில்தான் சாயம் கொட்டும். சூட்டில் சவ்வு கெட்டதும் நுண்குமிழ் கசிகிறது.

2. செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். பாதியில் எலுமிச்சை விட்டால் பளிச்சென்று சிவக்கும். பாதியில் சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சை, நீலம் பக்கம் போகும். செலவில்லாத லிட்மஸ்!

3. வெள்ளரித் துண்டில் உப்புத் தூவி அரை மணி நேரம் கழித்து எடைபோடுங்கள். வழிந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நண்பனைக் கேளுங்கள்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். நம் பாடத்துக்கும் வீட்டு வேலைக்கும் சம்பந்தமில்லை என்று நாமும் நினைக்கிறோம், வீட்டிலும் நினைக்கிறார்கள். வயலிலும் சமையலறையிலும் பூக்கடையிலும் அவர்களிடம் நல்ல கேள்விகள் இருக்கின்றன. நம்மிடம் நூலகம் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது நம் கடமை. அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வியாவது கேட்டு வாங்கி வாருங்கள். இந்தக் கட்டுரையில் சந்தேகம் இருப்பவர்கள், ஹாஸ்டல் மெஸ்ஸில் பீட்ரூட் பொரியல் போடும் நாளில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். பேசுவோம்!

— இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு